பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

கரூரிலிருந்து கோவை போகும் சாலையில் க.பரமத்தியைச் சுற்றிக் கல் குவாரியும் க்ரஷரும்தான். அப்படி ஒரு குவாரியின் அடித்தட்டில் 20 டன் பொக்லைன் ஒன்று பக்கெட்டைத் தரையில் ஊன்றி நின்றிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பழுது எதுவும் தெரியாது. ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு, வழக்கமாக அள்ளும் பாறாங்கல்லைத் தூக்க முடியாமல் பூம் பாதியில் நிற்கும். சரிவில் ஏறச் சொன்னால் செயின் நகராது. முன்பே வந்து பார்த்தவர்கள் பம்ப் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பம்ப் மாற்றுவதென்றால் லட்சக்கணக்கில் செலவு. பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஓனர், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கரூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தார். அவருடைய வண்டியில் நானும் போய் இறங்கினேன்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். டூல் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நேராக ஆப்பரேட்டரிடம் போனார்.

“ஏந் தம்பி, வண்டி மெதுவாப் போவுதா, இல்ல பலமில்லாமப் போவுதா?”

“ரெண்டுந்தானுங்ணா.”

“அப்பிடிச் சொன்னா ஆவாது. லோடு இல்லாம வெறும் பக்கெட்டத் தூக்கு. அப்ப எப்பிடிப் போவுது?”

தம்பி யோசித்தான். “வெறும் பக்கெட்டு நல்லாத்தானுங்ணா போவுது. கல்லு ஏத்துனாத்தான் நின்னுக்குது.”

என்னைப் பொறுத்தவரை அன்றைய வேலையில் பாதி இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது. பம்ப் அழுத்தத்தைத் தயாரிப்பதில்லை. ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. தள்ளிய ஆயில் போக வழியில்லாமல் எதன் மீதாவது முட்டும்போதுதான் அழுத்தம் உருவாகிறது. ஆகவே வேகம் குறைந்தால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். பலம் குறைந்தால், ஆயில் சுமையைத் தூக்காமல் வேறெங்கோ சுலபமான வழி கண்டுபிடித்து டேங்குக்குத் திரும்பிவிடுகிறது என்று பொருள். இரண்டுக்கும் காரணங்கள் வேறு, தேட வேண்டிய இடங்களும் வேறு. ‘பிரஷர் இல்லை’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் நல்ல பம்ப்புகள் கழற்றப்படுகின்றன.

எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குப் பார்த்தால் விளங்கும். இந்த அளவு வண்டியில் பூமுக்கு இரண்டு சிலிண்டர்கள். உள்விட்டம் ஒவ்வொன்றும் 120 மில்லிமீட்டர். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 113 சதுர சென்டிமீட்டர். கம்பெனி வைத்திருக்கும் மெயின் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ. பெருக்கினால் ஒரு சிலிண்டர் 39 டன்னுக்கு மேல் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் 79 டன். அழுத்தம் 240 கிலோவுக்கு இறங்கினால் அது 54 டன் ஆகிவிடும். வெறும் பக்கெட்டுக்கு அது தாராளம். பாறாங்கல்லுக்குப் போதாது.

அடுத்ததாக வண்டியைக் கையேட்டில் காட்டிய நிலையில் நிறுத்தச் சொல்லி ஆயில் அளவைப் பார்த்தார். சிலிண்டர்கள் நீண்டிருக்கும் நிலைக்கும் மடங்கியிருக்கும் நிலைக்கும் டேங்கில் மட்டம் நிறையவே மாறும். கண்டபடி நிறுத்தி அளந்தால் குறைவாகத் தெரியும், உடனே யாராவது ஆயிலை ஊற்றுவார்கள். இங்கே மட்டம் சரியாக இருந்தது. கண்ணாடியில் நுரை இல்லை. நுரை இருந்தால் சக்‌ஷன் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இது இரண்டும் இல்லை. ஆனால் ஆயில் கறுத்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தவர் என்னிடமும் நீட்டினார். அடிபிடித்த எண்ணெய்ச் சட்டியின் வாடை. “சூடு தின்ன ஆயிலுங்க இது” என்றார்.

வண்டிக்குப் பக்கத்தில், பாறை உடைக்கும் பிரேக்கர் ஒன்று கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தது. பூமின் மேல் வரும் பிரேக்கர் லைன் குழாய்களின் வாயில் வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தார்கள். துணி முழுக்கக் கல் தூசி. மெக்கானிக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கேஜ் மாட்டுவதற்கு முன் அவர் செய்தவற்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் எல்லாரும் விடுவது இதைத்தான். பக்கெட் தரையில். இன்ஜின் ஆஃப். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, சேஃப்டி லிவரை விடுவித்து, இரண்டு லிவர்களையும் எல்லாப் பக்கமும் ஆட்டி லைனில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றினார். டேங்கின் மேலிருக்கும் பிரீதரை அழுத்தினார். உஸ்ஸென்று காற்று வெளியேறி அடங்கும் வரை விரலை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் ஸ்பேனர்.

இதற்கிடையே ஹெல்பர் பையன், மெயின் பம்ப்பிலிருந்து வரும் ஹோஸ் ஒன்று ஈரமாக இருப்பதைப் பார்த்து, எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்க்கப் போனான். இன்ஜின் அப்போது நின்றிருந்தது. இருந்தும் அவர் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டார்.

“ஓடறப்பவும் இப்பிடித்தான் தொடுவியா?”

பையன் பேசவில்லை.

அவருடைய கோபம் எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்து, உள்ளே 200, 300 கிலோ அழுத்தம் இருந்தால், வெளியே வரும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே தெரிவது சின்னப் புள்ளி மட்டும்தான். முதலில் பெரிய வலிகூட இருக்காது. உள்ளே விரல் அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டு ஒன்றை நீளமான குச்சியில் செருகி, ஹோஸிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் ஒழுக்கைத் தேட வேண்டும். அப்படி ஆயில் பட்டுவிட்டால் காயம் சின்னது என்று பிளாஸ்டர் ஒட்டி வீட்டுக்குப் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் வந்த ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். குவாரியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

பம்ப்பின் டெஸ்ட் போர்ட்டில் கேஜ் ஏறியது. இந்த வண்டியில் இரண்டு மெயின் பம்ப்புகள் ஒரே கூட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. லிவர்களுக்குக் கட்டளை அழுத்தம் தரச் சின்னதாக ஒரு பைலட் பம்ப் தனியே உண்டு. மூன்றுக்கும் மூன்று கேஜ் மாட்டினார். ஆப்பரேட்டரை ஏற்றி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பக்கெட்டை முழுக்க மடக்கி முட்டிய பிறகும் லிவரை விடாமல் பிடிக்கச் சொன்னார். ஆயில் இன்னும் ஆறித்தான் இருந்தது.

முள் 365இல் நின்றது.

ஓனருக்கு முகம் மலர்ந்தது. மெக்கானிக்குக்குக் கவலை கூடியது. “முந்நூத்தம்பது இருக்கோணும். அறுவத்தஞ்சு எப்பிடி வந்துச்சு?” பம்ப் தேய்வதால் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறிக் கண்ட்ரோல் வால்வைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். அழுத்தம் அளவைத் தாண்டும்போது ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் மெயின் ரிலீஃப் வால்வின் லாக் நட்டில் கம்பெனி இட்ட பெயின்ட் கோடு உடைந்து, இரண்டு பாதியும் விலகி நின்றன. யாரோ ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார்கள். பலம் குறைந்ததும் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிடலாம் என்பது இந்தத் தொழிலில் நிறையப் பேருக்கு இருக்கும் பழக்கம். நோய் அப்படியே இருக்கும். ஆறிய நேரத்தில் ஹோஸும் சீலும் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கும். எத்தனையோ ஹோஸ் வெடிப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒரு திருகல் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு வண்டியை ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினோம். வெப்பம் 75 டிகிரியைத் தாண்டியதும் மறுபடி பக்கெட்டை முட்டவைத்தார். 240. ஸ்டிக்கை முட்டவைத்தார். 240. பூம், அதே 240. ஸ்விங்கைப் பூட்டிப் பிடித்தபோதும் முள் அதே இடத்தைத் தாண்டவில்லை. இரண்டு பம்ப்பின் கேஜும் ஒன்றுபோல் இறங்கி ஒன்றுபோல் நின்றன. பைலட் கேஜ் மட்டும் ஆரம்பத்திலிருந்து 40இல் அசையாமல் இருந்தது.

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு வேலை மட்டும் பலமிழந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் சீல், அதன் ஸ்பூல், அதன் போர்ட் ரிலீஃப் என்று தேடலாம். ஒரு பம்ப் தரும் வேலைகள் மட்டும் சோர்ந்திருந்தால் அந்தப் பம்ப்பைச் சந்தேகிக்கலாம்; இரண்டு பம்ப்பின் டெலிவரி ஹோஸ்களை மாற்றி மாட்டினால், நோய் ஹோஸோடு நகர்கிறதா, வால்வோடு தங்குகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு செயினும் மட்டும் இழுக்கவில்லை என்றால் நடுவிலிருக்கும் சென்டர் ஜாயின்ட்டின் சீலைப் பார்க்கலாம். இன்ஜினுக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள கப்ளிங் அறுந்திருந்தால் மூன்று கேஜும் சேர்ந்து பூஜ்யத்துக்குப் போயிருக்கும். பைலட் குறைந்திருந்தால் ஸ்பூல் முழுக்கத் திறக்காமல் எல்லாமே மந்தமாகியிருக்கும். இது எதுவும் இல்லை. எல்லா வேலையும், இரண்டு பம்ப்பும், ஒரே எண்ணில் நிற்கின்றன. இரண்டுக்கும் பொதுவான ஒரு வாசல் வழியாகத்தான் ஆயில் வெளியேறுகிறது.

ஓனர் விடவில்லை. “ஆறினா நிக்குது, சூடானா எறங்குது. பம்ப்பு தேஞ்சாத்தான் அப்பிடியாவும்னு சொன்னாங்களேங்க?”

கேட்டதில் தப்பில்லை, சூட்டில் சோர்வது தேய்மானத்தின் அடையாளம்தான். 46 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலின் பாகுத்தன்மை அளவு 40 டிகிரியில் 46. 100 டிகிரியில் 7ஐ ஒட்டி வந்துவிடும். கெட்டியாக இருக்கும்போது அடைத்துக்கொண்டிருந்த இடுக்கு வழியாக, நீர்த்ததும் ஆயில் ஓடும். ஆனால் தேய்ந்திருப்பது பம்ப்தான் என்று அது சொல்லவில்லை. இந்தப் பம்ப் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தள்ளக்கூடியது. முட்டி நிற்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் ஆயில் போவதில்லை. பம்ப் தன் கசிவினாலேயே 240ஐத் தாண்ட முடியாமல் திணறுகிறது என்றால், தள்ளும் ஆயில் முழுவதும் பம்ப்புக்குள்ளேயே கசிய வேண்டும். அவ்வளவு தேய்ந்த பம்ப்பில் வெறும் பக்கெட் இத்தனை வேகமாக ஏறாது. தேய்ந்த பம்ப் பெரும்பாலும் முதலில் வேகத்தை இழக்கும், பலத்தை அல்ல. அதனால்தான் அந்த முதல் கேள்வி.

வாதத்தால் ஓனரை நம்பவைக்க அவர் முயலவில்லை. கேஸ் டிரெய்ன் ஹோஸைக் கழற்றிக் கேனில் விட்டார். பம்ப்புக்குள் கசியும் ஆயில் வெளியேறும் வழி இதுதான். அதன் டேங்க் பக்கத்து வாயை மூடிவிட்டு, பம்ப் பக்கத்தைத் திறந்தே வைத்தார். மாற்றிச் செய்து பம்ப் பக்கத்தை அடைத்துவிட்டால் கூட்டுக்குள் அழுத்தம் ஏறி ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும். ஆயில் சூடாக, பக்கெட் முட்டிய நிலையில், கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம். கேனில் எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு பம்ப்புக்கும் சேர்த்து. மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கே வந்தால் பம்ப்பைத் திறக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. இங்கே வந்தது அதற்கு வெகுதூரம் கீழே. ஓனர் கேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ரிட்டர்ன் ஃபில்டரையும் கழற்றி, பேப்பரை அறுத்துத் தகரத்தின் மேல் விரித்துப் போட்டார். பம்ப் பிஸ்டனின் ஷூ தேய்ந்தால் பித்தளை நிறத்தில் செதில் மின்னும். சீல் சிதைந்தால் கறுப்பு ரப்பர்த் துணுக்கு. இதில் இரண்டும் இல்லை. சாம்பல் நிறத்தில் களிம்பு மட்டும் மடிப்புக்கு மடிப்பு படிந்திருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்றது. குவாரித் தூசி.

மிச்சம் ரிலீஃப் வால்வு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். பாறை ஒன்றை அள்ளி பூமை ஏற்றச் சொன்னோம். பூம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது; அதற்குள் உள்ளே சீறல். நல்ல ரிலீஃப், சுமை முட்டிய பிறகுதான் திறக்க வேண்டும். இது பாதி வழியிலேயே ஆயிலை டேங்குக்கு விட்டுக்கொண்டிருந்தது. வெப்பம் காட்டும் கன்னை நீட்டினால் அந்த இடத்தின் இரும்பு, பக்கத்து இரும்பைவிட நல்ல சூடு. வேலை செய்யாமல் 240 கிலோ அழுத்தத்தை இழந்து வெளியேறும் ஆயில் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 14 டிகிரி சூடாகிறது. சூடானால் இன்னும் நீர்க்கிறது. நீர்த்தால் இன்னும் கசிகிறது. அடிபிடித்த வாடை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிட்டது.

வால்வைக் கழற்றி, சுத்தமான டீசலில் அலசி, உள்ளிருக்கும் சின்னப் பாப்பெட்டை என் உள்ளங்கையில் வைத்தார். பென்சில் முனையைவிடச் சற்றுப் பருமன், கூம்பு வடிவம். டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், கூம்பு சீட்டில் உட்காரும் வளையத்தின் குறுக்கே நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. அதற்கு நேராகச் சீட்டிலும் அரிப்பு. தூசி கலந்த ஆயில் அதே இடுக்கு வழியாக விடாமல் பாய்ந்து இரும்பை அறுத்திருக்கிறது. பெரிய வால்வு மூடியிருப்பது இந்தச் சின்னக் கூம்பு மூடியிருக்கும் வரைதான். இது கசிந்தால் பெரியதன் முதுகுப் பக்கம் அழுத்தம் விழும், அது நேரத்துக்கு முன்பே திறந்துகொள்ளும். லட்சக்கணக்கில் செலவு வைக்கப் பார்த்தது இந்தக் கோடு.

தூசி எப்படி உள்ளே வந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேஸ்ட் துணி சுற்றிய குழாய்களைக் கை காட்டினார். கண்ணுக்குத் தெரியும் துகள் சுமார் 40 மைக்ரான். ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி அதில் பாதிகூட இருக்காது. சுத்தமாகத் தெரியும் ஆயிலே கெடுதல் செய்யப் போதும் என்றால், குவாரியில் திறந்து கிடக்கும் குழாயைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பிரேக்கர் மாட்டும் வண்டிக்கு இன்னும் கடுமை உண்டு; அதன் இடியும் சீல் வழியாக ஏறும் புழுதியும் ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கின்றன. முழு நேரமும் பிரேக்கர் ஓடினால் 100 மணிக்கு ஒருமுறை ஃபில்டர், 600 மணிக்கு ஒருமுறை ஆயில் என்று வைத்திருக்கும் கையேடுகள் உண்டு. இந்த வண்டியில் பிரேக்கர் வேலை நடந்த மாதங்களிலும் மண் வேலைக்கு உரிய கணக்கிலேயே ஃபில்டர் மாற்றியிருக்கிறார்கள்.

புது ரிலீஃப் வால்வை வாங்க ஓனரின் மகன் பைக்கில் கரூர் போனார். பழைய பாப்பெட்டையே பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைக்கலாமே என்று கேட்டதற்கு, “சீட்டே அரிச்சுருச்சுங்க, நாலு நாளு நிக்கும்” என்று மெக்கானிக் மறுத்துவிட்டார். மகன் திரும்பி வருவதற்குள் டேங்கை வடித்து, சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரைக் கழுவி, அடியில் தங்கிய சேற்றைத் துடைத்தெடுத்தார்கள். பழைய ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்றலாமா என்ற பேச்சு தொடங்கும்போதே மெக்கானிக் அதை நிறுத்திவிட்டார்.

புது வால்வை ஸ்க்ரூ தளர்ந்த நிலையில் போட்டார். ஆயிலைச் சூடேற்றி, முட்டவைத்து, கேஜைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். 350 வந்ததும் லாக் நட்டைப் பூட்டி மறுபடி அளந்தார், பூட்டும்போது ஸ்க்ரூ நகர்ந்திருக்கலாம் என்று. நகரவில்லை. பக்கெட், ஸ்டிக், பூம் எல்லாவற்றிலும் 350. ஸ்விங் மட்டும் தன் மோட்டாரிலுள்ள ரிலீஃப் அளவான 290இல் நின்றது, அது அப்படித்தான் நிற்க வேண்டும். வண்டி சரிவில் ஏறிக் க்ரஷர் வரை போய்த் திரும்பியது. முன்பு தூக்க முடியாத கல்லைத் தம்பி அள்ளி டிப்பரில் போட்டான்.

மெக்கானிக் பெயின்ட் மார்க்கரை எடுத்து லாக் நட்டில் புதுக் கோடு இழுத்தார். பம்ப் ரூம் கதவின் உட்பக்கம் தேதி, ஹவர் மீட்டர் எண், மெயின், பைலட், ஸ்விங் அழுத்தங்கள், கேஸ் டிரெய்ன் அளவு, ஆயில் வெப்பம் எல்லாவற்றையும் எழுதினார். பம்ப்பின் ஆரோக்கியத்தைச் சொல்ல அதன் பழைய எண்ணைவிட நல்ல சாட்சி இல்லை. அது எழுதப்படாத வண்டிகளில்தான் ஊகத்தின் பேரில் பம்ப் இறங்குகிறது. புது ஃபில்டரை 50 மணி நேரத்திலேயே அறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஓனரிடம் சொன்னார். லைன்களில் ஒட்டியிருக்கும் தூசி இனிமேல்தான் வந்து சேரும்.

ஹெல்பர் பையனைக் கூப்பிட்டு, டூல் பாக்ஸிலிருந்து இரும்பு மூடிகளை எடுத்துக் கொடுத்தார். பிரேக்கர் லைனின் துணியை அவிழ்த்து, குழாயின் வாயை டீசலில் துடைத்து, மூடியை ஓ-ரிங்கோடு திருகுவது எப்படி என்று ஒன்றைச் செய்து காட்டினார். அடுத்ததைப் பையனே செய்தான். முறுக்கிப் பார்த்துவிட்டு, பிரேக்கர் பக்கத்து ஹோஸ்களுக்கும் இதேபோல் வாங்கிப் போடச் சொல்லி, மூடியின் அளவை ஓனருக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.